சாம்ராஜ்யமும் டிக்கெட் எண்ணும்

கணினியில் யுத்த தந்திர விளையாட்டு ஆடுகிறவர்களைப் பற்றி, ஆடாதவர்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயம் மிகவும் கௌரவமானது. இரவெல்லாம் கண் விழித்துப் படை நடத்துகிறார்கள், கோட்டை பிடிக்கிறார்கள், ராஜ்யங்களைக் கவிழ்க்கிறார்கள் என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணத்தைக் கலைக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆட்டம் ஆடுவதற்கு ஆகும் பொழுதைக் காட்டிலும், அதை ஆடத்தக்க ஸ்திதிக்குக் கொண்டுவருவதற்கு ஆகும் பொழுதே பெரிது என்பதும், உலகத்தைக் கட்டியாளப் புறப்பட்ட சக்கரவர்த்தி முதலில் ஒரு கிராபிக்ஸ் கார்டின் டிரைவரிடம் கைகட்டி நிற்கவேண்டியிருக்கிறது என்பதும், இந்தத் துறையில் அடிபட்டவர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியங்கள்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற ஆட்டத்தின் இரண்டாம் பாகம் 1999-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்காலத்துக் கணினிகளின் சக்தியை உத்தேசித்து, 256 வர்ணங்கள் அடங்கிய ஒரு பட்டியலை வைத்துக்கொண்டே அதன் மலைகளையும் வனங்களையும் சமுத்திரங்களையும் தீட்டியிருந்தார்கள். பின்னால் விண்டோஸ் விஸ்டாவும் விண்டோஸ் 7-உம் வந்தபோது, திரைக்குப் பின்னால் சதா விழித்திருக்கும் எக்ஸ்புளோரர் என்னும் நிரல் அந்தப் பட்டியலில் தானும் கைவைத்துச் சில வர்ணங்களை மாற்றத் தொடங்கியது. அதன் பலனாகப் புல்வெளி செந்நிறம் பூண்டது. ஆறுகளோ, சாயப்பட்டறைகளைக் கடந்து வரும் நொய்யலைப் போல, நினைத்த நிறத்தில் ஓடின.

இதற்கு ஆட்டக்காரர்களின் உலகத்தில் இரண்டு சிகிச்சைகள் வழங்கிவந்தன. முதலாவது, திரையின் அளவை மாற்றும் ஜன்னலைத் திறந்து, அதில் எதையும் மாற்றாமல், மூடவும் செய்யாமல், அப்படியே விட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவது. எந்த நியாயத்தால் அது பலித்தது என்று எனக்கு விளங்கியதில்லை, ஆனால் பலித்தது. இரண்டாவது, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, குற்றவாளியான எக்ஸ்புளோரரை அங்கேயே கொன்றுவிடுவது. கொன்றவுடன் திரையில் இருந்த சித்திரங்கள், கோப்புறைகள், கீழ்ப்பட்டை யாவும் மறைந்து வெறும் நீலம் மட்டும் எஞ்சும். அந்தச் சூனியத்திலிருந்துதான் ஆட்டத்தைக் கூப்பிட வேண்டும். ஒருநாள் மாலை இந்த சம்ஹாரம் நடந்துகொண்டிருந்த சமயத்தில், மின்கட்டணம் கட்டவேண்டுமென்று என் தகப்பனார் அறைக்குள் வந்துவிட்டார்.

“என்னடா இது, எல்லாம் போயிடுச்சு?” என்றார்.

“போகலைப்பா. நான்தான் கொன்னுட்டேன்.”

“எதுக்கு?”

“ஆத்துல தண்ணி நிறம் சரியா வரணும்னு.”

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மின்கட்டணத்தை அன்று முதல் நேரில் போய்க் கட்டிவர ஆரம்பித்தார்.

இந்த ஆட்டத்துக்கு 2000-ஆம் ஆண்டில் தி காங்கரர்ஸ் என்ற விஸ்தரிப்பு வந்தது. ஆஸ்டெக்கர், மாயர், ஹூணர், ஸ்பானியர், கொரியர் என ஐந்து ஜாதியார் புதிதாக அதில் சேர்ந்தார்கள் என்பதைப் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். ஆனால் அந்த விஸ்தரிப்பின் மகத்துவம் ஹூணர்களிடத்தில் இல்லை. மாவு ஆலையில் இருந்தது. அதற்கு முன்பெல்லாம், விதைத்த வயல் ஒரு அளவுக்கு விளைந்து ஓய்ந்ததும், அதை உழுதவன் பக்கத்திலேயே சும்மா நின்றுவிடுவான். பக்கத்து மேட்டில் மரம் குவிந்து கிடக்கும். வயலைத் திரும்பவும் விதைக்க வேண்டியது அதில் 60 மாத்திரமே. இருந்தும், யுத்தகளத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும் சக்கரவர்த்தி ஓடிவந்து அந்த வயலைத் தொட்டு உத்தரவு கொடுக்கும்வரையில் அவன் அசைய மாட்டான். தலைநகரம் எரிந்துகொண்டிருக்கும்போது வயலுக்கு விதை கொடுக்க ஓடிய சக்கரவர்த்திகளின் எண்ணிக்கையைச் சரித்திரம் குறித்துவைக்கவில்லை. தி காங்கரர்ஸ் வந்த பிறகே, ஆலையில் முன்கூட்டியே மரத்தைக் கட்டிவைத்தால் வயல்கள் தாமாக மறுபடி விதைக்கப்படும் என்ற சலுகை கிடைத்தது. முன்பணம்கூட வேண்டாம், உழவனே பார்த்துக்கொள்வான் என்ற பூரண சுதந்திரம், 2019-இல் டெஃபினிடிவ் எடிஷன் என்ற புதுப்பிப்பு வந்தபோதுதான் சித்தித்தது. இருபது வருஷங்களில் இந்த ஆட்டம் கண்ட சீர்திருத்தங்களில் இதற்கு இணையாக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன்.

இனி உதவிக் காரியாலயங்களுக்கு வருகிறேன். பெயர் சொல்ல விரும்பாத வேறொரு ஆட்டம், சேமிக்கும் பொத்தானை அழுத்திய மாத்திரத்தில், ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரையை விட்டு மறைந்துபோகும் சுபாவம் உடையதாயிருந்தது. அதன் சப்போர்ட்டுக்கு எழுதினேன். உடனே ஒரு டிக்கெட் எண்ணும், எனது கடிதம் அவர்களுக்கு மிகவும் முக்கியமானது என்ற உறுதிமொழியும் வந்தன. பிறகு ஓர் அதிகாரி, கணினியை அணைத்துவிட்டுப் போடும்படி எழுதினார். அடுத்தவர் டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னார். அதற்கடுத்தவர் வைரஸ் காவலனைச் சற்று நேரம் தூங்கவைக்கச் சொன்னார். நான்காமவர் ஆட்டத்தை முழுவதும் அழித்துவிட்டு மறுபடி இறக்கிக்கொள்ளச் சொன்னார். அந்த ஆட்டத்தின் பருமனையும் என் வீட்டு இணைப்பின் வேகத்தையும் அறிந்தவர் எவரும் இத்தனை இலேசாக அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார். யாவும் செய்து முடித்து எழுதினால், ஐந்தாவதாக ஒருவர் தோன்றி, முன்னவர்கள் எழுதிய எதையும் வாசித்த அறிகுறியே இல்லாமல், கணினியை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தீர்களா என்று மிகுந்த பரிவோடு வினவினார். பிறகு நான் ஊருக்குப் போய் ஒரு கல்யாணத்தில் இருந்துவிட்டு வருவதற்குள், பதில் வராத காரணத்தால் பிரச்னை தீர்ந்துவிட்டதாகக் கருதி டிக்கெட்டை முடித்துவிட்டோம் என்று ஒரு கடிதம் காத்திருந்தது. கூடவே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்ற கேள்வியும்.

வியாதியின் மூலத்தைக் கடைசியில் கண்டுபிடித்தவன் என் அத்தை மகன். கணினியில் என் கணக்கின் பெயரை நான் தமிழ் எழுத்துக்களில் வைத்திருந்தேன். ஆகவே என் கோப்புகள் தங்கும் இடத்தின் பெயரும் தமிழில் இருந்தது. பூமண்டலம் முழுவதையும் வரைபடமாக விரித்துவைத்திருந்த அந்த ஆட்டத்துக்கு, வீட்டுக்காரனின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியவில்லை. கதவைத் தேடிக் காணாமல் திகைத்து மூர்ச்சையானது. ஆங்கில எழுத்துக்களில் ஒரு புதுக் கணக்கைத் திறந்ததும் எல்லாம் சுகமாயிற்று. இத்தனை அதிகாரிகளில் ஒருவரேனும், “ஐயா, தங்கள் பெயரை எந்த எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கலாம்.

பிழை திருத்தும் தொழிலுக்கும் அதற்கே உரிய ஸ்வாரஸ்யம் உண்டு என்பதை மறுக்க முடியாது. 2012-இல் வெளியான குருசேடர் கிங்ஸ் இரண்டாம் பாகத்தில், மத்தியகால உலகத்தின் பிரபுக்களும் அவர்கள் குடும்பத்தாருமாக ஆயிரக்கணக்கான ஆத்மாக்கள் ஒரே சமயத்தில் பிறந்து, மணந்து, சதி செய்து, மாண்டுகொண்டிருப்பார்கள். ஆட்டம் ஏன் இவ்வளவு மந்தமாக ஓடுகிறது என்று ஆராய்ந்த அதன் கர்த்தாக்கள், காரணங்களில் ஒன்றாகக் கண்டுபிடித்தது கிரேக்கர்களை. பைஜாந்திய வழக்கப்படி கைதிகளின் கண்ணைப் பறிக்கவும் அங்கஹீனம் செய்யவும் அவர்களுக்கு விசேஷ உரிமை கொடுக்கப்பட்டிருந்தது. அதை முன்னிட்டு ஒவ்வொரு கிரேக்கனும், உலகிலுள்ள ஒவ்வொரு மனிதனையும் எடுத்து, இவனை அப்படிச் செய்யலாமா என்று ஓயாமல் யோசித்துக்கொண்டிருந்தானாம். முதலில் தன் சிறையில் இருப்பவர்களை மட்டும் பார் என்று கட்டளை மாற்றியதும் உலகம் சற்று வேகமாகச் சுழலத் தொடங்கியது. நல்ல நிர்வாகத்துக்கு இதைவிடச் சிறந்த சீர்திருத்தம் எந்த அரசாங்கத்திலும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இல்லாத பிழைக்குப் புகழ் கிடைத்த கதையும் உண்டு. 1991-இல் வந்த முதல் சிவிலிசேஷன் ஆட்டத்தில், மகாத்மா காந்தியின் ஆக்கிரமிப்புக் குணத்துக்கு 1 என்ற மிகக் குறைந்த மதிப்பு கொடுத்திருந்தார்கள் என்றும், ஜனநாயகம் வந்ததும் அதில் 2 கழிய, பூஜ்யத்துக்குக் கீழே போகத் தெரியாத கணினி அதை 255 ஆக்கிவிட்டது என்றும், அதனால்தான் அவர் அணுகுண்டு வீசினார் என்றும் ஆட்டக்காரர்கள் வெகுகாலம் நம்பினார்கள். ஆட்டத்தைப் படைத்த சிட் மையர் 2020-இல் எழுதிய தம் நினைவுக் குறிப்புகளில், அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் ஐந்தாம் பாகத்தில், வேண்டுமென்றே காந்திக்கு அணுகுண்டுப் பிரியத்தை உச்ச அளவில் வைத்திருந்தார்கள். பிழைகளைத் திருத்துவதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஒரு வதந்தியை இப்படித் திருத்தியமைத்தார்கள்.

தமிழ் வாசகருக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டில் 2013-இல்தான் இந்தியர்கள் என்று ஒரு ஜாதியார் வந்தார்கள். காஷ்மீரத்திலிருந்து குமரிவரையில் எல்லோருக்கும் ஒட்டகப்படை கொடுத்து ஒரே பெயரில் அடைத்திருந்தார்கள். 2022-இல் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற விஸ்தரிப்பு அவர்களைப் பிரித்து, திராவிடர், வங்காளியர், கூர்ஜரர், இந்துஸ்தானியர் என்று நால்வராக்கியது. திராவிடருக்கு ராஜேந்திர சோழன் படையெடுப்பும், திரிசடை என்ற போர்க்கப்பலும், சுருள்வாள் வீரர்களும் கிடைத்தனர். கனத்த குதிரை வீரர்கள் மட்டும் கிடையாது. இதைக் குறையென்று சிலர் முறையிட்டார்கள். கடல் கடந்து குதிரை வாங்கிக் கஜானாவைக் காலி செய்த நம் பழைய அரசர்களை நினைத்தால், இதில் விளையாட்டைச் செய்தவர்களுக்கு இருந்த சரித்திர ஞானம் எனக்குத் திருப்தியே அளித்தது. ராஜேந்திரனின் கப்பல்களோடு கீழ்க்கடலில் போவதற்காக மட்டுமே நான் அந்த விஸ்தரிப்பை வாங்கினேன். கொடுத்த காசுக்கு வஞ்சனையில்லை.

வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். எந்த விஸ்தரிப்பையும் வெளியாகும் அன்றைக்கே வாங்காதீர்கள்; இரண்டாவது பேட்ச் வரும்வரையில் பொறுத்திருங்கள், அதற்குள் விலையும் இறங்கும். சேமித்த ஆட்டங்களை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். சப்போர்ட்டுக்கு எழுதும்படி நேர்ந்தால், கணினியை அணைத்துப் போட்டாயிற்று என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். டிக்கெட் முடியும்வரையில் ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் போகாதீர்கள்.