குதிரை இல்லாவிட்டால் டவுன் பஸ்

கல்கி 1950-ல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் ஐந்து பாகங்களையும் கரைத்துக் குடித்தவர்கள், வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் போனதைக் கூடவே நின்று பார்த்தது போலச் சொல்வார்கள். அந்த ஏரித் தண்ணீர் 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்கே வந்துகொண்டிருக்கிறது. இவர்கள்தான் இன்னும் ஏரி இருக்கும் காட்டுமன்னார்கோவில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நாவல் தொடங்கும் அதே ஆடிப்பெருக்கன்று, அங்கே போகச் சிதம்பரத்தில் பஸ் ஏறிப் பார்க்கட்டுமே. ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்தவரிடம் வாதாட, நாவலில் வரும் பழுவேட்டரையரைச் சமாளிக்கும் சாமர்த்தியம் வேண்டும். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் பார்க்கும் பார்வையில் எப்போதும் வாதுக்கு நிற்கும் ஆழ்வார்க்கடியானே தடியைக் கீழே போட்டுவிடுவார். டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்த பாக்கியை இறங்குவதற்குள் வசூலிப்பது தனிப் போர். (வென்றவர்கள் உண்டு என்று கேள்வி.) ஒற்றர்களுக்கும் குறைவில்லை: “எந்த ஊரு தம்பி? கண்ணாலம் ஆயிடுச்சா? சம்பளம் எவ்ளோ?” என்று பக்கத்து சீட்டுப் பாட்டி, அடுத்த நிறுத்தம் வருவதற்குள் சகல ரகசியங்களையும் கறந்துவிடுவார்.

நம் வாசகர்களும் ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டுக் கிளம்பத்தான் செய்கிறார்கள். நேராகப் புத்தகக் காட்சிக்கு. வாழ்க்கையை நேரில் வாழ்வது எப்படி என்று ஏதோ புத்தகம் வந்திருக்கிறதாம், பத்து சதவீதம் தள்ளுபடியில்.