திருவாளர் இணையம்

"மாமா, ஒரு அனிமே படம் வேணும். ஆனா சட்டப்படி வேணும்."

வெள்ளிக்கிழமை ராத்திரி அக்கா மகள் போன் எடுத்துச் சொன்னதில் முதல் பாதி புரிந்தது. இரண்டாம் பாதி புரியவில்லை. படம் எடுப்பதற்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் பரம்பரையில் யாரும் ஒரு படத்தை அப்படி எடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

விசாரித்ததில் விஷயம் இது. அவள் ஆசிரியராக இருக்கிற மாணவர் பத்திரிகையில் நரூட்டோ என்ற ஜப்பானிய அனிமே பற்றி ஒரு கட்டுரை வருகிறது. கட்டுரை தயார், தலைப்பு தயார், கால் பக்க டியூசன் விளம்பரமும் தயார். பெரிதாக ஒரு நரூட்டோ படத்தைப் போட்டு, கீழே வழக்கம்போல 'நன்றி: இணையம்' என்று பொடி எழுத்தில் அடித்து, பொறுப்பாக இருக்கிற விரிவுரையாளருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த மனிதர் சிவப்புப் பேனாவால் 'இணையம்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் "இவர் யார்?" என்று எழுதித் திருப்பிவிட்டார்.

அவரை நான் கண்டதில்லை. கண்டால் ஒரு பிளேன்டி வாங்கிக் கொடுப்பேன்.

சட்டப்படி ஓர் அனிமே படம் எடுக்க மிகச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் அந்த சேர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொல்லிவிடுவோம். இவர் யார்?

திருவாளர் இணையம் அவர்கள் இன்றைக்குத் தமிழில் அதிகம் வரைகிற ஓவியர். கோபுலு ஆயுள் முழுக்க வரைந்ததை இவர் ஒரு பொங்கல் மலருக்குள் வரைந்து முடித்துவிடுவார். பானை, கரும்பு, பானையைப் பார்த்துச் சிரிக்கிற நால்வர் குடும்பம் எல்லாம் அவர் கைவண்ணம். மகளிர் தினத்துக்குத் தலைமயிர் பறக்கிற ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். மேதினத்துக்கு ஒரு முஷ்டி. ஆசிரியர் தினத்துக்குப் புத்தக அடுக்கின்மேல் ஒரு சிவப்பு அப்பிள். வெற்றிலை கொடுத்துக் காலில் விழுகிற நாட்டில் எந்தப் பிள்ளை வாத்தியாருக்கு அப்பிள் கொடுத்தது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. மரண அறிவித்தலின் மெழுகுவர்த்தியும் அவருடையதுதான், கலியாணக் கார்ட்டின் பிள்ளையாரும் அவருடையதுதான். ஒரே மத்தியானத்தில் இரண்டையும் வரைகிற மனநிலை எத்தனை ஓவியருக்கு வாய்க்கும்?

குணத்தில் தங்கம். காசு கேட்கமாட்டார். பத்திரிகைப் பிரதி வந்து சேரவில்லை என்று கோபிக்கமாட்டார். 'இணயம்' என்று பெயரைத் தப்பாகப் போட்டாலும் மறுப்புக் கடிதம் எழுதமாட்டார். படத்தில் தலையை வெட்டுங்கள், காலை வெட்டுங்கள், அழகான மஞ்சளைக் கறுப்பு வெள்ளையாக அச்சடித்துச் சேறாக்குங்கள், பொறுத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு தம்பி உண்டு, கூகிள். 'நன்றி: கூகிள்' என்று வந்தால் அண்ணன் ஊரில் இல்லை என்று அர்த்தம். முகநூல் சித்தப்பா மகன். கொஞ்சம் அரசியல் பேசுவார். கடைக்குட்டி வாட்ஸ்அப்; அவன் வரைவதெல்லாம் மங்கல், ஓரத்தில் யாரோ ஒருவருடைய காலை வணக்கமும் ஒட்டியிருக்கும். அந்த வீட்டில் கொஞ்சம் ரசனை உள்ளவள் மருமகள் பின்டரெஸ்ட். அனிமேப் படங்களில் முக்கால்வாசி அவள் வழியாகத்தான் வருகின்றன. ஆனால் அவள் பெயரை யாரும் போடுவதில்லை; மருமகள்களுக்கு நடப்பது அதுதான்.

இத்தனை உழைத்தும் மனிதருக்கு ஒரு சாகித்திய விருது கிடைக்கவில்லை. மணிவிழா எடுக்கவில்லை, நினைவு மலர் போடவில்லை. போட்டால் அந்த மலருக்கும் அவரே படம் வரைய வேண்டியிருக்கும். வீடு எங்கே, பிள்ளைகள் என்ன படிக்கின்றன, அரிசி விலைக்கு எப்படிச் சமாளிக்கிறார் என்று ஒரு பத்திரிகையாவது பேட்டி எடுத்ததா? நன்றி மட்டும் தவறாமல் சொல்கிறோம். அடுத்த வீட்டுப் பலாப்பழத்தைப் பறித்துக்கொண்டு, மரத்தில் 'நன்றி: மரம்' என்று எழுதி ஒட்டிவிட்டு வருவது போன்ற நன்றி.

இவ்வளவு சூடு எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். அண்மையில் ஒரு டியூசன் நிலையத்தின் கலண்டர் கைக்கு வந்தது. ஒரு மாதத்துக்கு ஹந்தானை மலையைப் போட்டிருந்தார்கள். சிகரங்களின் இடுப்புவரை பனிமூட்டம், அதற்குக் கீழே தேயிலை, மேலே லேசாக ஒரு செம்மஞ்சள் வெளிச்சம். அருமையான படம். நான் எடுத்த படம். இந்த மலையைக் கண்டியில் பாதிப் பேர் எடுத்திருக்கிறார்கள், உன்னுடையது என்று எப்படிச் சொல்வாய் என்றால், இடது கீழ் மூலையைப் பார்க்கவும். கொடியில் என் நீலக் கட்டம் போட்ட சாரம் காய்கிறது. இஸ்திரிப் பெட்டி வைத்துச் சுட்ட முக்கோண ஓட்டைகூடத் தெளிவாகத் தெரிகிறது. அதற்கு நேர் கீழே 'நன்றி: இணையம்'. மலையை விடுங்கள், மலை எனக்குச் சொந்தமில்லை. சாரம் எப்படி ஐயா அவருக்குச் சொந்தமானது?

சரி, அனிமேக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆசிரியர் குழு முழுதும் ஒரே த்ரீவீலில் ஹந்தானையிலுள்ள என் வீட்டுக்கு வந்து இறங்கியது. பொலிஸார் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எத்தனை பேர் என்று சொல்லவில்லை. த்ரீவீலின் பின் கண்ணாடியில் நரூட்டோவில் வருகிற இத்தாச்சி, சிவந்த கண்ணோடு, ஒரு கண்ணாடி முழுக்க. அந்த டிரைவரிடம் மட்டும் எந்த விரிவுரையாளரும் "இவர் யார்?" என்று கேட்பதில்லை.

சட்டம் படிக்கிற பிள்ளை ஒன்று குழுவில் இருந்தாள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 11ஆம் பிரிவு என்று ஆரம்பித்தாள். விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்காக நியாயமான அளவில் ஒரு படைப்பைப் பயன்படுத்தினால் அது மீறல் ஆகாது. எங்கள் முகத்தில் எல்லாம் வெளிச்சம். "அப்ப போடலாமா?" "அது பொறுத்தது." எதற்காகப் பயன்படுத்துகிறோம், படைப்பு எப்படிப்பட்டது, எவ்வளவு எடுக்கிறோம், உரிமைக்காரரின் சந்தைக்கு என்ன ஆகும் என்று நான்கையும் பார்க்க வேண்டுமாம். நரூட்டோவின் ஒரு காட்சியை ஆராய்ந்து எழுதி அந்தக் காட்சியைச் சின்னதாகப் போட்டால் வாதாடலாம். பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று பெரிதாகப் போட்டால் கஷ்டம். "நம்ம கட்டுரையில எந்தக் காட்சியை ஆராயுறோம்?" என்று கேட்டேன். எழுதிய பையன் காலில் ஏறியிருந்த அட்டைக்கு உப்புத் தேடிக் குனிந்துவிட்டான். என் வீட்டுப் படியில் புல் செதுக்கி நாளாகிறது.

உரிமை எப்போது முடியும் என்பதற்கு மட்டும் அந்தப் பிள்ளை "பொறுத்தது" என்று சொல்லவில்லை. படைத்தவர் காலமாகி எழுபது ஆண்டு. ஜப்பானிலும் ஐம்பதாக இருந்ததை 2018 டிசம்பரில் எழுபதாக்கிவிட்டார்கள். நரூட்டோவை உருவாக்கிய மசாஷி கிஷிமோத்தோ 1974இல் பிறந்தவர். நூறாண்டு வாழட்டும், நான் மனதாரச் சொல்கிறேன். வாழ்ந்தால் 2145 ஜனவரி முதலாம் தேதி நாங்கள் தாராளமாகப் படம் போடலாம். அக்கா மகள் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டாள். அவள் எதையும் குறித்துக்கொள்வாள்.

இந்த இடத்தில், வரலாறு படிக்கிற ஒரு தம்பி எழுந்து நின்றான். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டான். 1951 செப்டெம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜே. ஆர். ஜெயவர்தன, நமக்கு இழப்பீடு வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தார். "அந்தக் கணக்குல ஒரு நரூட்டோ தரமாட்டாங்களா அங்கிள்?" ஒரு கணம் எனக்கே நியாயமாகப் பட்டது. ஆனால் 1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சி நிலையத்தையே அவர்கள் உதவியில்தானே கட்டினோம், ஜயவர்தனபுர ஆஸ்பத்திரியும் கிடைத்ததே என்றேன். "அது அரசாங்கத்துக்குக் குடுத்தது. நமக்கு என்ன குடுத்தான்?" இவன் பிற்காலத்தில் அமைச்சராவான்.

ஜப்பான்காரர் சும்மா கொடுத்ததும் உண்டு. அனிமே எடுக்கிற கிப்லி ஸ்டூடியோ 2020 செப்டெம்பரில் எட்டுப் படங்களிலிருந்து 400 காட்சிகளைத் தன் தளத்தில் போட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. பிறகு மற்றப் படங்களின் காட்சிகளையும் போட்டார்கள். தயாரிப்பாளர் தொஷியோ சுசுக்கி விதித்தது ஒரே நிபந்தனை: பொதுப்புத்திக்கு உட்பட்டு, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஹந்தானையில் கூடியிருந்த கூட்டத்தை அந்தப் பெரியவர் பார்த்ததில்லை. 'ஸ்பிரிட்டட் அவே'யின் முகமூடிப் பேயை நரூட்டோ கட்டுரைக்குப் போட்டால் என்ன, இரண்டும் ஜப்பான்தானே என்று ஐந்து நிமிடத்தில் ஒரு தீர்மானம் தயாரானது. வாசகர்கள் கொன்றுவிடுவார்கள் என்று அக்கா மகள்தான் தடுத்தாள். அவள் சொன்னது சரி. அனிமே பார்க்கிற பிள்ளைகளிடம் எதிலும் விளையாடலாம், இதில் விளையாடக்கூடாது.

விக்கிமீடியாவில் தேடியதில் விக்கிபே-தான் என்றொரு பெண் பிள்ளை அகப்பட்டாள். 2006இல் கசுகா என்ற ஜப்பானிய விக்கிப் பயனர் வரைந்தது. நிஜமான அனிமே முகம். பெயரைப் போட்டு, அதே உரிமத்தைச் சொன்னால் யாரும் பயன்படுத்தலாம். நீல நிறத்தில் வேலைக்காரப் பெண்ணின் உடுப்புப் போட்டிருந்தாள். குழுவின் பெண்கள் அதைப் பார்த்த பார்வையில் ஆண்கள் மடிக்கணினியை மூடிவிட்டார்கள்.

பழசாகப் போனால் பிரச்சினை இல்லையே என்று நான் 1917க்குப் போனேன். 'நமகுரா கதானா'. மொட்டை வாள் ஒன்றை வாங்கி ஏமாந்த சாமுராய் ஒருவன், அதைப் பரீட்சிக்க வழியில் போகிறவர்களை வெட்டப் போய் உதைபடுகிற குட்டிப் படம். தொலைந்துபோனது என்று நினைத்திருந்ததை இந்த நூற்றாண்டில்தான் ஒசாகாவின் பழம்பொருள் சந்தையொன்றில் கண்டெடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகள் மரியாதைக்குப் பார்த்தார்கள். "இதுல பவர் ஒன்னும் இல்லையா மாமா?" ஓவியர் ஹொக்குசாய் 1849இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், அவருடைய 'மங்கா' ஏடுகள் 1814இலிருந்து வந்தவை, ஊரெல்லாம் எடுத்துப் போடுகிறது என்று அடுத்ததைக் காட்டினேன். மல்யுத்தம் பிடிக்கிற தொப்பை மனிதர்களைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஹொஸ்டல் வார்டன்" என்றார்கள். அதோடு கலைக்கல்வி முடிந்தது.

ராமாயண அனிமேயும் ஒன்று உண்டே என்று யாரோ சொன்னார்கள். யூகோ சாக்கோவும் ராம் மோகனும் சேர்ந்து எடுத்தது. 2025 ஜனவரியில் இந்தியாவில் தமிழ்க் குரலோடு மறுபடி வெளியானது. அதற்கும் உரிமை உண்டு. தவிர, நம் நாட்டைக் காட்டுகிற அந்த அனிமேயில் நம் ஊரைக் கொளுத்துகிறார்கள். அதை நாமே அச்சடிப்பானேன்?

கடைசியில் இரண்டாம் வருடப் பையன் ஒருவன் போனை நீட்டினான். 2025 மார்ச்சில் உலகமே கிப்லி முகமாகி முகநூலில் அலைந்ததே, அந்த வகையறா. நரூட்டோ ஹந்தானை உச்சியில் கைகட்டி நிற்கிறான். பக்கத்தில் தமிழ்ப் பெயர்ப்பலகை. அதில் இருந்தது தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை, பல்லி ஓடிய தடம். "இது ஏஐ செஞ்சது அங்கிள். யாருக்கும் சொந்தமில்ல." யாருக்கும் சொந்தமில்லையென்றால் நெற்றிப் பட்டையில் ஏனடா நரூட்டோவின் அதே இலை?

பிறகுதான் ஹட்டனிலிருந்து வந்து முதலாம் வருடம் படிக்கிற ஒரு பிள்ளையின் பெயர் பேச்சில் அடிபட்டது. அதுவரை யாருக்கும் அவள் ஞாபகம் வரவில்லை. அனிமே பாணியில் அவளே வரைவாளாம். படம் ஒன்றைக் காட்டினார்கள். கலஹா வீதி பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண். குடை காற்றில் திரும்பிவிட்டது. கண்கள் முகத்தில் பாதி. நனைந்த கொப்பியை மார்போடு அணைத்திருக்கிறாள், அட்டையின் மை வழிந்து பிளவுஸில் ஊறுகிறது. பாணிக்கு எந்தச் சட்டமும் உரிமை கொடுப்பதில்லை என்று சட்டப் பிள்ளை, இரண்டாம் முறையாக "பொறுத்தது" இல்லாமல், அடித்துச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். கட்டுரைக்குத் தக்கபடி புதிதாக ஒன்று வரைந்து தருவாயா என்று அங்கேயே போன் போட்டார்கள். தருகிறேன், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றாள்.

வீட்டில் சத்தமே இல்லை. 1942இல் கொழும்பில் குண்டு விழுந்த பிறகுகூட இப்படி இருந்திருக்காது. "பேர் போடுவோமே" என்றான் ஒருவன். "ஜப்பான்காரன் நானூறு படம் சும்மா குடுக்கிறான், நம்ம பிள்ளை ஒரு படத்துக்குக் காசு கேக்குது" என்றான் வருங்கால அமைச்சர். டியூசன் விளம்பரத்துக்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டேன். கேட்காதவர்கள்போல் பணிஸ் சாப்பிட்டார்கள். அச்சகத்துக்குக் காசு உண்டு, த்ரீவீலுக்குக் காசு உண்டு, வெளியீட்டு விழாவின் ரோல்ஸுக்கும் மாலைக்கும் காசு உண்டு. வரைகிறவளுக்கு நன்றி உண்டு.

அக்கா மகள் தன் பையிலிருந்து பாதியை எடுத்து வைத்தாள். மீதியை நான் வைத்தேன். இனிமேல் யாராவது என்னிடம் சட்டப்படி எதையாவது கேட்டால் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளையும் விவரமானவள். காசு கைக்கு வரும்வரை மாதிரி மட்டும்தான் என்று, குறுக்கே மூலைக்கு மூலை தன் பெயரைப் பெரிதாக எழுதிய படமொன்றை அனுப்பியிருக்கிறாள். காசு திங்கட்கிழமை காலை போய்விட்டது. அதற்குள் ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு வருங்கால அமைச்சர் எனக்குப் போன் எடுத்தான்.

"அங்கிள், படத்துல இருக்கிற பேரை மட்டும் அழிக்கிறதுக்கு ஒரு ஆப் இருக்குதாமே, உங்களுக்குத் தெரியுமா?"