கூடாரமா, கோட்டையா?

கனடாவின் ராக்கி மலைச் சாலையில் ஓர் இரவு கூடாரம், மறுநாள் ஆடம்பர ஹோட்டல் என்று போகிறார்களாமே, எது வசதி?

கரடிக்குக் கூடாரம்தான் வசதி. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை சுமார் 230 கி.மீ. நீளும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயில் சாப்பாட்டை மட்டுமல்ல, பற்பசையைக்கூடக் காருக்குள் பூட்டிவைக்க வேண்டும். முகாம்கள் பலவற்றில் குளியலறை கிடையாது. ஹோட்டல்கள் நிரம்ப அதுவும் ஒரு காரணம்.

பணத்தைக் கொட்டினால் ஹோட்டலில் நல்ல காட்சி நிச்சயமா?

1888-ல் திறந்த பான்ஃப் ஸ்பிரிங்ஸ் ஹோட்டலைத் திசை மாற்றிக் கட்டிவிட்டார்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கின் அழகு சமையலறைக்கு, மரங்களின் முதுகு விருந்தினருக்கு! ஹோட்டலைக் கட்டவைத்த கனடிய பசிபிக் ரயில்வேயின் வான் ஹார்ன் கொதித்துப்போய், காட்சியைப் பார்க்கத் தனி மண்டபமே கட்டச் சொன்னார். கூடாரக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜிப்பை இழுத்தால் மலை.

இவ்வளவு அழகான சாலையைப் போட்டது யார்?

பசி. பொருளாதார மந்தக் காலத்தில், வேலையற்றவர்களுக்கான நிவாரணப் பணியாக 1931-ல் தொடங்கியது, 1940-ல் திறந்தது. வழியில் பெட்ரோலுக்கு சஸ்காட்சுவான் ரிவர் கிராசிங் ஒன்றே கதி. டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பவும்.