பொருத்தம் பார்த்தீர்களா?

கேள்வி: என் நிக்கான் டி3500 கேமராவுக்கு நண்பர் தன் பழைய 50 எம்.எம். எஃப்/1.8டி லென்ஸைக் கொடுத்தார். கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் ஆட்டோஃபோகஸ் மட்டும் ஆகவே மாட்டேன் என்கிறதே?

பதில்: நிக்கான் 1959-இல் வைத்த எஃப் மவுன்ட் என்ற லென்ஸ் வாசலை, உங்களுடையது போன்ற கேமராக்களில் மாற்றவே இல்லை. அதனால் பழைய மாப்பிள்ளையும் தாராளமாக உள்ளே வந்துவிடுகிறார். குடித்தனம்தான் சிக்கல்! இந்த ‘டி’ லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவின் மோட்டார்தான் அதைத் திருப்பவேண்டும். உங்கள் கேமராவிலோ அதுவும் கிடையாது. ‘நீ சமைப்பாய்’ என்று இருவருமே நம்பிக் கட்டிக்கொண்ட கதை!

லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்புங்கள். வ்யூஃபைண்டரில் பச்சைப் புள்ளி நின்று எரிந்தால் ஃபோகஸ் சரி. கை வலித்தால் ‘ஏஎஃப்-எஸ்’ லென்ஸ் வாங்குங்கள். அது சமைக்கத் தெரிந்த மாப்பிள்ளை, மோட்டாரோடுதான் வரும்.