பழனிக்கு ஆகும், வேளாங்கண்ணிக்கு ஆகாது

எங்கள் குடும்பத்தில் சூரியனைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாமா. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பம் வழியாக வராத கரண்டை அவர் கரண்ட் என்றே ஒப்புக்கொள்வதில்லை. இன்னொருவர் அத்தை. மாசி பிறந்தால் மொட்டை மாடியில் வத்தல் போட ஆரம்பித்துவிடுவார். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எத்தனை மணிக்கு எந்த மூலையில் விழும், எப்போது எந்தப் பக்கம் சேலையை இழுத்து விரிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். என்னைக் கேட்டால், சூரிய சக்திக் கருத்தரங்கு எதற்காவது இவரைத்தான் கூப்பிட்டுப் பேச வைக்க வேண்டும்.

பங்குனி உத்திரத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போவது எங்கள் வழக்கம். இந்த முறை மாமா பையனும் வருகிறேன் என்றான். சென்னையில் சாப்ட்வேர் வேலை. வரும்போதே ஒரு சோலார் பவர்பேங்க் கொண்டுவந்திருந்தான். செங்கல் கனம். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகடு, ஓரத்தில் டார்ச், மூலையில் திசைகாட்டி, காணாமல் போனால் ஊதுவதற்கு ஒரு விசில். பங்குனி உத்திரத்து நேரத்தில் பழனி ரோட்டில் காணாமல் போவதற்குத் தனித் திறமை வேண்டும். முன்னால் போகிறவரின் காவித் துண்டைப் பார்த்துக்கொண்டே போனால் முருகன் வந்துவிடுவார். அது கிடக்கட்டும். பெட்டியின் மேல் 20,000 எம்ஏஎச் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி 3.7 வோல்ட். 20,000 எம்ஏஎச்சை அதனால் பெருக்கினால் 74 வாட் அவர். முதுகில் இருக்கும் தகடு நல்ல உச்சி வெயிலில் ஒன்றரை வாட் கொடுத்தாலே பெரிசு. ஆக, ஐம்பது மணி நேரம் உச்சி வெயில் வேண்டும். காலை இளவெயில், சாயங்கால மஞ்சள் வெயில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிழிந்தாலும் நம் ஊரில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்குத்தான் முழு வெயில் தேறும். அப்படியானால் பத்து நாள். வழியில் வீணாவதைச் சேர்த்தால் இன்னும் கூட. மதுரையிலிருந்து பழனி நாலைந்து நாள் நடை. போய்ச் சேர்ந்து, மொட்டை போட்டு, பஞ்சாமிர்தம் வாங்கி, வந்த வழியே நடந்து வீடு திரும்பினாலும் பவர்பேங்கின் கடைசி விளக்கு எரிந்திருக்காது.

"இதுக்குப் பேரு சோலார் பவர்பேங்க் இல்லடா. இது பவர்பேங்க். மேல சூரியன் படம் ஒட்டியிருக்கான், அவ்வளவுதான்" என்றார் மாமா.

"அப்பா, வெயில்ல வச்சா லைட் எரியுதே."

"எரியும். நீ வேலை செஞ்சா உனக்கும்தான் சம்பளம் வருது. அதுல வீடு கட்டிட்டியா?"

போதாக்குறைக்கு அந்த 20,000 முழுசாக வெளியே வராது. 3.7 வோல்ட்டில் இருப்பதைப் போனுக்காக 5 வோல்ட்டாக்கிக் கொடுக்கும்போதே அது 14,800 ஆகிவிடும். மாற்றுக்கூலி போகப் பன்னிரண்டு பதின்மூன்றாயிரம் கையில் கிடைத்தால் அது யோக்கியமான பொருள். இதைவிடப் பெரிய விபரீதம், லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் செய்யக் கூடாது. பங்குனி வெயிலில் கறுப்புப் பெட்டி ஒன்றை அரை மணி நேரம் வைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். வெயிலில் வைத்தால்தான் ஏறும், வெயிலில் வைத்தால் கெட்டுப்போகும். இப்படி ஒரு பொருளைச் செய்து, அதற்கு விசிலும் வைத்திருக்கிறார்கள். விசில் யாருக்கு என்று இப்போது புரிகிறது.

ஆக, தகடு தனி, பேட்டரி தனி. தகடு வெயிலில் காய வேண்டும், பேட்டரி பைக்குள் நிழலில் கிடக்க வேண்டும். மடக்குப் பேனலாக வாங்குவது என்று தீர்மானமாயிற்று. கடைக்குப் போகும்போது மாமா சட்டைப் பையில் இஞ்ச் டேப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கடையில் கூட்டமான நேரத்தில் நாலு பேர் பார்க்க, ஜவுளி எடுக்கிற மாதிரி அவர் பேனலை நீளம் அகலம் அளந்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த டேப்பைப் போல் நம்பகமான ஆலோசகர் கிடையாது. 1954 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூன்று பேர் முதல் உருப்படியான சிலிக்கான் சூரிய மின்கலத்தை உலகத்துக்குக் காட்டினார்கள். அதை வைத்து ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்ற வைத்தார்கள். விழுந்த வெயிலில் நூற்றுக்கு 6 பங்குதான் மின்சாரமாயிற்று. இன்று கடையில் கிடைக்கும் நல்ல மோனோ தகட்டில் 20, 22 என்று வருகிறது. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். இதைச் சதுர அடிக்குச் சுருக்கினால் 93 வாட், அதில் நமக்குக் கிடைப்பது இருபது. மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு. சதுர அடிக்கு அதற்கு மேல் ஒருவர் சொன்னால், அவர் சூரியனிடம் தனியாக ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும்.

கடைக்காரர் 100 வாட் என்று அச்சிட்ட ஒன்றை எடுத்து வைத்தார். ஏ4 தாள் அளவுதான் இருந்தது. மாமா அளந்து பார்த்து, "பதினாலு வாட் வந்தா தேங்காய் உடைக்கணும்" என்றார்.

"சார், இது ஜெர்மன் டெக்னாலஜி."

"ஏன், ஜெர்மனியில சதுர அடி பெரிசா?"

கடைசியில் மூன்றாக மடங்குகிற, 21 வாட் என்று மரியாதையாகப் போட்டிருந்த ஒன்றை எடுத்தோம். மேல் பூச்சு ஈடிஎஃப்ஈயா, சாதா பெட் பிளாஸ்டிக்கா என்று மாமா பையன் கேட்டான். அன்றைக்கு அவன் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். பெட் பூச்சு வெயில் பட்டுப் பட்டு மஞ்சளடித்து உரிந்துவிடும். வெயிலுக்காகவே செய்த பொருள் வெயில் தாங்காமல் போவது நம் நாட்டில் புதிதில்லை என்றாலும், தெரிந்தே வாங்க வேண்டாம்.

மறுநாள் மொட்டை மாடியில் வெள்ளோட்டம். வத்தல் சேலைக்குப் பக்கத்தில் இரண்டடி இடத்துக்கு அத்தையிடம் அனுமதி வாங்கிப் பேனலை விரித்தோம். மாமா யூஎஸ்பி மீட்டரைச் செருகினார். 13-க்கும் 15-க்கும் நடுவில் எண் ஊசலாடியது. "ஏமாத்திட்டான்" என்று மாமா பையன் குதித்தான். ஏமாற்று இல்லை. பெட்டியில் போடும் வாட், ஆய்வுக்கூடத்தில் தகடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மதுரையில் 25 டிகிரி என்பது மார்கழி விடிகாலை. அப்போது வெயில் இருக்காது. வெயில் இருக்கும்போது காற்றே 36, 37. தகட்டைத் தொட்டால் கை பொத்துப்போகும். சிலிக்கான் தகடு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் நூற்றுக்கு 0.3, 0.4 என்று சக்தியைக் கழற்றிக்கொண்டே போகும். அதற்கு வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம். இந்தக் கோரிக்கையோடு அது கொடைக்கானலில் பிறந்திருக்கலாம்.

திடீரென்று மீட்டர் 3-க்கு இறங்கியது. மேகம் ஒன்றுமில்லை. பார்த்தால், காக்காய்க்குப் பயம் காட்ட அத்தை விரித்து வைத்திருந்த கறுப்புக் குடையின் நிழல் பேனலின் ஒரு மூலையில், நாலு விரல் அகலத்துக்கு விழுந்திருந்தது. குடையை நகர்த்தினோம், 14. திரும்ப வைத்தோம், 3. மாமாவுக்கு இது புரிந்துவிட்டது. ஒரு சூரியக் கலம் கொடுப்பது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். பத்துப் பன்னிரண்டு கலங்களை வரிசையாகக் கோத்தால்தான் போனுக்கு ஆகிற வோல்ட்டேஜ் வரும். கோத்துவிட்டால், திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போன கதைதான். வீட்டுக் கூரையில் வைக்கும் பெரிய பேனல்களில் நிழல் விழுந்த பகுதியைத் தாண்டிப் போக மாற்றுப்பாதை வைத்திருப்பார்கள். பைக்குள் மடிக்கிற பேனல்களில் பெரும்பாலும் அது கிடையாது.

அத்தைக்கு இது பொறுக்கவில்லை. "வத்தல்ல நிழல் பட்ட எடம் மட்டும்தான் காயாது. இது என்ன, ஒரு மூலையில நிழல் பட்டதுக்கு மொத்தமும் மொரண்டு பிடிக்குது?" சூரிய மின்சாரத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி திசை விவகாரம். நடக்கிறவர்கள் பேனலை முதுகுப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள், விளம்பரப் படங்களில் எல்லாரும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு போகிறார்கள். மதுரையிலிருந்து பழனி வடமேற்கே. காலையில் நடந்தால் வெயில் நேராக முதுகில் அடிக்கும், பேனல் ஜோராக வேலை செய்யும். தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர் கிழக்கே போக வேண்டும். காலை வெயில் முழுவதும் முகத்துக்கு, பேனலுக்கு அவருடைய நிழல்தான் மிச்சம். சாயங்காலம் இரண்டு பேருக்கும் பலன் மாறிவிடும். சோலாருக்கு மத பேதம் கிடையாது, திசை பேதம் உண்டு. நடுப்பகலில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஆகாது. பங்குனி கடைசியில் நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கும், முதுகில் செங்குத்தாகத் தொங்கும் தகட்டை அது உரசிக்கொண்டு போய்விடும். அப்போது தரையில் மல்லாக்கப் போட வேண்டும். வெள்ளியங்கிரிக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. ஏழு மலையையும் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஏறுகிறார்கள். அவர்களுக்கு டார்ச் போதும்.

பேனலைத் தரையில் போட்டதும் புதுப் பிரச்சினை வந்தது. மத்தியானம் மனுஷன் புளிய மரத்தடியைத் தேடுகிறான், பேனல் பொட்டலைத் தேடுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. ஒரு ஆள் வெயிலில் காவல் இருக்க வேண்டும். முதல் நாள் வாடிப்பட்டி தாண்டி, தலையில் ஈரத் துண்டோடு மாமா பையன் காவல் இருந்தான். மேகம் ஒன்று கடந்தால் போன் ஒரு முறை சிணுங்கும், வெயில் வந்தால் மறுபடி சிணுங்கும். சில போன்கள் ஒரு தடவை கோபித்துக்கொண்டு நின்றால் நாமாகக் கழற்றி மாட்டும் வரை ஏறுவதில்லை. அதனால் நேராகப் போனில் செருகாமல் பவர்பேங்கில் ஏற்றி, ராத்திரி அதிலிருந்து போனுக்கு எடுத்துக்கொள்வதே உத்தமம். விசில் வைத்த செங்கல்லுக்கு இப்படி ஒரு வாழ்வு வந்தது. அதை ஒரு துணியில் சுற்றிப் பையின் நிழலில் வைத்தோம்.

அங்கேதான் ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவரைப் பார்த்தோம். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டிருந்தார். ஆடுகள் மேயப் போயிருக்க, குட்டிகளை அடைத்த கூண்டின் மேல் ஒரு சின்னக் கண்ணாடிப் பேனல் சணல் கயிற்றில் கட்டிக் கிடந்தது. பத்து வாட்தான். அதிலிருந்து இறங்கிய வயர், காரில் செருகுகிற சார்ஜர் ஒன்றில் முடிந்தது. அதன் முனையில் பட்டன் போனும் ஒரு ராத்திரி விளக்கும். இரண்டும் கூண்டின் நிழலில், சாக்குக்கு அடியில். நாங்கள் மீட்டரும் கல்யாணப் பத்திரிகையும் வைத்துக் கண்டுபிடித்ததை எல்லாம் அவர் எப்போதோ செய்து வைத்திருந்தார். காலையில் கிழக்கே சாய்த்து, மத்தியானம் மல்லாத்தி, சாயங்காலம் மேற்கே திருப்பி வைப்பாராம். சொந்த ஊர் கமுதிப் பக்கம்.

"எங்க பக்கம் இத ஏக்கர் ஏக்கரா நட்டு வச்சிருக்காக" என்றார். உண்மைதான். 2016-இல் கமுதியில் வந்த சூரிய மின் நிலையம் 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர்.

எங்கள் பேனலை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டு விலை கேட்டார். மாமா பையன் ஐயாயிரம் என்றான்.

"ரெண்டு குட்டி வாங்கலாமே" என்றார். அவருடையது ஆயிரத்துக்குள்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிளக் பாயிண்ட் இல்லாத இடத்துக்குப் போவது அவ்வளவு சுலபமில்லை. ஒரு டீ சொன்னால் சார்ஜ் இலவசம். ஒன்றிரண்டு நாள் பயணத்துக்கு வீட்டிலேயே முழுசாக ஏற்றிய நல்ல பவர்பேங்க் ஒன்று போதும், சூரியனைத் தொந்தரவு செய்ய வேண்டாம். மூன்று நாளுக்கு மேல் ஊர்வாசனையே இல்லாத இடத்தில், அதுவும் ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்கு மடக்குப் பேனல் வேண்டும். முதுகில் தூக்க வேண்டாம் என்றால் கீதாரியின் கண்ணாடிப் பேனலே மேல்.

ஆனால் மாமா கட்சி மாறிவிட்டார். செம்பட்டி தாண்டி மத்தியானம் உட்கார்ந்தபோது, பேனலைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துப் பக்தர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "அண்ணே, அஞ்சு பர்சன்ட்தான் இருக்கு." பேனலில் துளை இரண்டு, கையில் போன் வைத்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். இன்றைய போன் ஒன்றில் 19 வாட் அவர் கொள்ளும். எங்கள் 14 வாட்டில் அரை மணி நேரம் போட்டால் தனியாக இருந்தாலே மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நோட்டு ஒன்று எடுத்து வரிசை எழுதினார்.

"வீட்டுக்குப் பேசணுமா? அது டொமஸ்டிக், மொதல்ல போடு. நீ என்னப்பா, ரீல்ஸா? அது கமர்ஷியல். கடைசியில வா."

ஒரு மேகம் வந்து நின்றது. செருகியிருந்த இரண்டு போன்களும் ஒன்றாகச் சிணுங்கி அடங்கின. எல்லாரும் மாமாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அண்ணாந்து பார்த்தார், நோட்டை மூடினார்.

"மாதாந்திரப் பராமரிப்பு. ரெண்டு மணிக்கு மேல வாங்க."