'அப்பவே' அண்ணன்

வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் வட்டாரத்தில் டீக்கடைக்கு ஒருவராவது இருப்பார். பெற்றவர்கள் வைத்த பேர் எதுவானாலும், ஊர் வைத்த பேர் 'அப்பவே' அண்ணன். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சாம்பல் ஏற்றிய லாரி ஒன்று கடந்து போனால் போதும், புழுதி அடங்குவதற்குள் தொடங்கிவிடுவார்: "அப்பவே சொன்னாங்கப்பா, நான்தான் கேக்கல."

எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்களாம். நைட் ஷிப்ட் உடம்புக்கு ஆகாது என்று அண்ணன் போகவில்லை. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தபோது மச்சான் லாரி வாங்கச் சொன்னான், வாங்கவில்லை. வள்ளூரில் 1500 மெகாவாட் நிலையம் எழும்பியபோது, கட்டுமான வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட நாலு ரூம் போட்டிருக்கலாம், போடவில்லை. ஊருக்குள் எது வந்தாலும் அண்ணனுக்கு ஒரு வருத்தம் கூடியது.

2017 மார்ச்சில் எண்ணூர் நிலையத்தையே இழுத்து மூடினார்கள். இனி அந்த ஒரு புலம்பலாவது குறையும் என்று கடைக்காரர் நிம்மதிப்பட்டார். அண்ணன் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. "மூடுனா இன்னாபா? ஈ.பி. பென்ஷனையுமா மூடிட்டான்?"

பெரிய துக்கம் செப்பாக்கம் நிலம். மலிவாக வந்த அரை ஏக்கரைக் கைநழுவ விட்டாராம். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பையன் பைக்கில் அவரை அங்கேயே கூட்டிப்போனான். ஊரை ஒட்டி அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டை. எங்களை வேறு இடத்தில் குடியமர்த்துங்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "நல்ல வேளை, தப்பிச்ச பெரிப்பா" என்றான் பையன். அண்ணனுக்கு முகமே செத்துப்போனது. இரண்டு நாள் கடைப்பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார், பழைய தெம்போடு. "வாங்கியிருந்தா இன்னைக்கு நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டிருக்கலாமேப்பா!"

அவரைத் தேற்றுகிறவர்கள் வீணாகத்தான் மெனக்கெடுகிறார்கள். கைக்கு வராத கோடிக்கு வரி கிடையாது, கடன் கேட்டு யாரும் வரமாட்டார்கள், செலவழிந்தும் போகாது. அதை எதற்கு விடுவார்?

அண்ணி வேறு ரகம். மீஞ்சூரில் மீன் விற்கிறார். காலை முதல் போணியிலேயே ஒரு கூறு சங்கராவை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டாலும், அடுத்த ஆள் "எவ்ளோ?" என்று குனிகிற வரைதான் முணுமுணுப்பு. உட்கார்ந்து வருத்தப்பட்டால் மீதி மீனும் நாறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை அண்ணன், "அந்த பொன்னேரிப் பொண்ண கட்டியிருந்தா..." என்று இழுத்தபோது, செதிள் சுரண்டிக்கொண்டே அண்ணி சொன்னது: "கட்டியிருக்கலாம்யா. எனக்கும் ரெண்டு எடத்துலேர்ந்து வந்துச்சி." அத்தோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைப் பக்கம் மனை ஒன்று விலைக்கு வந்தது. "பாப்போம், இன்னா அவசரம்?" என்றார் அண்ணன். அண்ணி காத்திருக்கவில்லை. சீட்டுப் பணத்தை எடுத்து அட்வான்ஸ் கொடுத்து, பத்திரமும் பதிந்துவிட்டார்.

சேதி கேட்டுக் கடையே திரும்பி அண்ணனைப் பார்த்தது. வாங்கவில்லை என்று சொல்ல வழியில்லை, விலையும் ஏறிவிட்டது. பாதி டீ வரை பேச்சே இல்லை. பிறகு மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"பக்கத்து மனையையும் சேத்து வாங்குன்னு அப்பவே சொல்லியிருக்கணும்பா."