பத்து மாசத் துரை

துவாஸ் லிங்க் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே ராஃபிள்ஸ் மரினா. வசதியானவர்கள் படகு நிறுத்துகிற இடம். தீவின் மேற்குக் கோடிக்கு வந்தும் மனுஷன் நம்மை விடுவதாக இல்லை. ராஃபிள்ஸ் ஹோட்டல், ராஃபிள்ஸ் பிளேஸ், ராஃபிள்ஸ் ஆஸ்பத்திரி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்கூட ஒரு காலத்தில் பிசினஸ் கிளாஸை ராஃபிள்ஸ் கிளாஸ் என்றுதான் சொன்னது.

சரி, ஐயா இந்த ஊரில் எத்தனை நாள் இருந்தார் தெரியுமா? 1819-க்கும் 1823-க்கும் நடுவில் மூன்றே விசிட். எல்லாம் கூட்டினாலும் பத்து மாசம் தேறாது! ஜெர்மனியில் பிஸ்மார்க் பிரபு 28 வருஷம் நாற்காலியைத் தேய்த்து ஒரு தேசத்தை ஒட்டவைத்தார். நம்ம ஆள் ஒர்க் பெர்மிட் முடிகிற காலத்துக்குள்ளேயே ஃபவுண்டர் ஆகிவிட்டார்.

பிஸ்மார்க்காவது பரம்பரைப் பண்ணையார். இவர் கப்பல் கேப்டன் மகன். 14 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியில் கிளார்க். வீட்டில் டாம். 1817-இல் சர் பட்டம் வந்ததும் தாமஸைக் கழற்றிவிட்டு சர் ஸ்டாம்ஃபர்ட் ஆனார். கெத்து வேண்டாமா? மறுவருஷம் சுமத்ராக் காட்டில் அவர் குழு பார்த்த ராட்சசப் பூவுக்கும் பிற்பாடு அவர் பெயரே கிடைத்தது: ரஃப்ளீசியா. உலகத்திலேயே பெரிய பூ. கிட்டே போனால் பிண நாற்றம்.

1819 பிப்ரவரி 6-இல் சிங்கப்பூர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், மறுநாளே கப்பலேறிவிட்டார். மாட்டிக்கொண்டவர் மேஜர் வில்லியம் ஃபார்குவார். கையில் காசில்லை, ஊரை நடத்தியாக வேண்டும். சூதாட்டத்துக்கும் அபினுக்கும் லைசென்ஸ் விற்றார். எலி பிடித்துக் கொடுத்தால் காசு என்று அறிவித்தார். அதே வருஷம் மே மாதம் பினாங்கிலிருந்து வந்த நம்ம நாராயண பிள்ளை செங்கல் சூளை போட்டார். 1822-இல் திரும்பிவந்த ராஃபிள்ஸ், சூதாட்டமா என்று காதைப் பொத்திக்கொண்டார். மறுவருஷம் ஃபார்குவாருக்குச் சீட்டுக் கிழிந்தது.

அடிமை வியாபாரத்தைத் தடை செய்தவரும் இதே ராஃபிள்ஸ்தான். அதற்கு ஒரு சலாம்.

கடைசியில் கம்பெனியிடம் பென்ஷன் கேட்டார். கம்பெனி பில் அனுப்பியது: நீங்கள்தான் எங்களுக்கு 22,000 பவுண்டுக்கு மேல் பாக்கி! ஏஜென்டுக்குக் கட்டிய கடனை இங்கே வந்து அடைக்கிறவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். 1826 ஜூலை 5, 45 வயது நிறைய ஒரே நாள் இருக்கையில் போய்ச் சேர்ந்தார்.

1887-இல் பாடாங்கில் வெண்கலச் சிலை வைத்தார்கள். அங்கே ஆடிய பையன்களின் ஃபுட்பால் அடிக்கடி துரை மேலேயே விழுந்தது. 1919-இல் தூக்கி எம்பிரஸ் பிளேஸில் நிறுத்தினார்கள். ஒருநாள் போய் அந்தப் போஸைப் பாருங்கள்: ஷிப்யார்டில் நாம் வெல்டிங் அடிக்கும்போது பின்னால் கைகட்டி நிற்பாரே சூப்பர்வைசர், அச்சு அசல் அவரேதான்.

ஃபார்குவார் 1839-இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் இறந்தார். சிங்கப்பூரை நிறுவியவர் இவர்தான் என்று அவருடைய கல்லறைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள்.